கான் கியூப்: வீட்டு மேசை வேலையைப் பெட்டிக்குள் வைத்து விற்ற நிறுவனம்

சீனாவின் குவாங்சோ நகரத்து நிறுவனமான கானின் கியூபை, அதாவது வேகமாகத் தீர்க்கும் போட்டிக்கான ரூபிக் வகைக் கனப் புதிரை, முதன்முறை கையில் எடுப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டே விஷயம்: "எவ்வளவு லேசா இருக்கு", அப்புறம் "இதுக்கா இவ்வளவு விலை". இரண்டுமே நியாயமான பேச்சு. அதே குவாங்டொங் மாகாணத்தில் தயாராகும், போட்டிக்குத் தாராளமாக எடுத்துப்போகக்கூடிய காந்தக் கியூப் ஒன்று சென்னையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கானின் உச்ச மாடல் ஐயாயிரத்தைத் தாண்டும். வெளியே தெரிவது இரண்டிலும் அதே 26 துண்டுகள், அதே ஆறு நிறங்கள். அப்படியிருந்தும் 2014-இல் தொடங்கிய இந்த நிறுவனம் பத்தாண்டுகளாக விலைப்பட்டியலின் மேல்தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கான் விற்ற புதுமைகளில் பாதிக்கு மேல் அதற்கு முன்பே வீரர்களின் வீட்டு மேசைகளில் நடந்துகொண்டிருந்தவை. உப்புத்தாளால் தேய்ப்பது, ஸ்பிரிங் மாற்றுவது, ஸ்க்ரூவைத் திருகிப் பார்ப்பது, உள்ளே காந்தம் ஒட்டுவது என்று ராத்திரி கண்விழித்துச் செய்த வேலைகளை அந்த நிறுவனம் ஒவ்வொன்றாக எடுத்து, பெட்டியோடு வரும் பாகமாக மாற்றிக் கொடுத்தது. காசு வாங்கியது அதற்குத்தான். இப்படிப் பார்த்தால் கான் எங்கே ஜெயித்தது, எங்கே மற்றவர்கள் சீக்கிரமே எட்டிப் பிடித்தார்கள், எங்கே விதிமுறை குறுக்கே நின்றது என்பது ஓரளவு பிடிபடும்.

வடிவம் யாருக்குச் சொந்தம்?

எர்னோ ரூபிக் புடாபெஸ்ட்டில் இந்தப் புதிரை உருவாக்கியது 1974-இல். அடுத்த ஆண்டு ஹங்கேரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வெளிநாடுகளில் விண்ணப்பிப்பதற்கான கெடு கடந்துபோனதால் உலகளாவிய காப்புரிமை கைக்கு வரவில்லை. 1980-இல் அமெரிக்காவின் ஐடியல் டாய் நிறுவனம் அதை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1982 ஜூனில் புடாபெஸ்ட்டில் முதல் உலகப் போட்டி நடந்தது. வியட்நாமில் பிறந்த அமெரிக்க மாணவர் மின் தாய் 22.95 நொடியில் முடித்து ஜெயித்தார். அதன்பின் மோகம் அடங்கி, கியூப் அலமாரிக்குப் போய்விட்டது.

இருந்த காப்புரிமைகளும் 2000 வாக்கில் காலாவதியாயின. ரூபிக் தரப்புக்கு மிஞ்சியவை பெயரும், வடிவத்தின் மேல் வாங்கி வைத்திருந்த வணிகச்சின்ன உரிமையும். ஐரோப்பாவில் அந்த உரிமையைக் கையாண்ட செவன் டவுன்ஸ் நிறுவனம், கட்டம் போட்ட கன வடிவத்தையே 1999-இல் சின்னமாகப் பதிவு செய்திருந்தது. ஜெர்மனியின் சிம்பா டாய்ஸ் 2006-இல் அதை ரத்து செய்யக் கேட்டது. பத்து வருட இழுபறிக்குப் பின் 2016 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சிம்பா பக்கம் சாய்ந்தது. பதிவு செய்த படத்தில் சுழல்வது தெரியாவிட்டாலும் இது சுழலும் பொருள் என்பதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும், தொழில்நுட்ப வேலைக்குத் தேவையான வடிவத்தை வணிகச்சின்னமாகப் பூட்டிவைக்க முடியாது என்பது அதன் வாதம். சின்னம் ரத்தானது, 2019 அக்டோபரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது.

வழக்கு நடந்த இதே ஆண்டுகளில்தான் குவாங்டொங்கில் கியூபின் உள்பக்கம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. பெயருக்குச் சொந்தக்காரர்கள் வெளிவடிவத்துக்காக வக்கீல் வைத்தார்கள். போட்டி வீரர்களோ உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ரூபிக் பிராண்டு கடைசியில் கனடாவின் ஸ்பின் மாஸ்டரிடம் போனது. 2020-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் பேரத்தின் மதிப்பு 5 கோடி டாலர். ஒரு தலைமுறைக்கே தெரிந்த பெயருக்கு அது பெரிய தொகை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

உப்புத்தாள் காலம்

கியூபைக் கழற்றிப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நடுவில் ஆறு கைகள் கொண்ட ஒரு கோர். ஒவ்வொரு கையிலும் ஒரு ஸ்க்ரூ, அதன்மேல் ஒரு ஸ்பிரிங், அதற்கு மேல் சென்டர் துண்டு. மீதி 12 எட்ஜ்களும் (ஓரத் துண்டுகள்) 8 கார்னர்களும் (மூலைத் துண்டுகள்) எதிலும் திருகப்பட்டவை இல்லை. ஒன்றின் காலை இன்னொன்றின் அடியில் கொடுத்து மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஸ்க்ரூவை இறுக்கினால் கியூப் கெட்டியாகும், மெதுவாகும். தளர்த்தினால் பறக்கும், கூடவே துண்டுகளும் பறக்கும். அதற்குப் பெயர் பாப். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிதறியதைப் பொறுக்கி மாட்டி, மறுபடி தொடர வேண்டும்.

பழைய கடைக் கியூப்களின் பெரிய தொல்லை லாக் ஆவது. மேல் அடுக்கு சரியாக 90 டிகிரி திரும்பாமல் நாலைந்து டிகிரி பாக்கி இருந்தாலும் பக்க அடுக்கு நகராது. வேகமாகத் தீர்ப்பவர் ஒவ்வொரு திருப்பத்தையும் முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. முந்தையது முடிவதற்குள் அடுத்த விரல் தள்ளத் தொடங்கிவிடும். அந்தப் பாக்கிக் கோணத்தை விழுங்கிக்கொண்டு சுழலும் குணத்தை கார்னர் கட்டிங் என்பார்கள். பெரும்பாலோர் பயன்படுத்தும் சிஎஃப்ஓபி முறையில் ஒரு தீர்வுக்கு ஐம்பது அறுபது திருப்பங்கள் ஆகும். அத்தனையிலும் இரண்டு இடத்தில் லாக் ஆனால் போதும், அந்தச் சுற்று போச்சு.

2003-இல் டொரன்டோவில் உலகப் போட்டி மறுபடி நடந்தது. அடுத்த ஆண்டு ரான் வான் ப்ருகெமும் டைசன் மாவோவும் உலக கியூப் சங்கத்தை, அதாவது டபிள்யூசிஏவை, தொடங்கினார்கள். இந்தத் தொழில் முழுவதுக்கும் அஸ்திவாரம் அந்தச் சங்கத்தின் ஒரு விதிதான்: வீரர் தன் கியூபைத் தானே கொண்டுவரலாம், எந்தக் கம்பெனியுடையதாகவும் இருக்கலாம், தேய்த்திருக்கலாம், எண்ணெய் போட்டிருக்கலாம். கேரம் ஆட்டக்காரர் தனக்குப் பழகிய ஸ்ட்ரைக்கரைச் சட்டைப்பையில் கொண்டுவருவது மாதிரி. எல்லோருக்கும் ஒரே கியூபைச் சங்கமே கொடுத்திருந்தால் கானும் இருந்திருக்காது, அதன் போட்டியாளர்களும் இருந்திருக்க மாட்டார்கள்.

விதி இடம் கொடுத்ததும் வீட்டு வேலை ஆரம்பித்தது. துண்டுகளின் உள்முனைகளை உப்புத்தாளால் மழுக்குவார்கள். எட்ஜ் துண்டுகளில் குறிப்பிட்ட 48 இடங்களைத் தேய்ப்பதற்கு '48 பாயின்ட் மாட்' என்றே பெயர் (மாட் என்றால் மாற்றியமைப்பு). கார்னரின் உள்மூலையை உருட்டினால் எதிர்ப்பக்கக் கட்டிங் நன்றாக வரும். அது ஃப்ளோரியன் மாட். ஒரு கியூபின் ஸ்பிரிங்கைக் கழற்றி இன்னொன்றில் போடுவது, சிலிக்கான் எண்ணெய் விட்டு நூற்றுக்கணக்கான முறை தீர்த்து 'பழக்குவது' எல்லாம் சாதாரணம். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் கியூப் குப்பைக்குத்தான் போகும்.

இந்தக் கைவேலையை முதலில் வார்ப்பிலேயே கொண்டுவந்தது கான் இல்லை, டாயான் என்ற இன்னொரு சீன நிறுவனம். 2010-இல் வந்த குஹொங், 2011-இல் வந்த ஜான்ச்சி இரண்டும் பெட்டியைத் திறந்ததுமே ஓரளவு கார்னர் கட்டிங் கொடுத்தன. பாப் ஆவதைத் தடுக்க எட்ஜ்களில் டார்பிடோ என்ற சிறு நாக்கு வந்தது. 2013 வாக்கில் மோயூ நுழைந்து, வெய்லொங், ஆவ்லொங் என்று வரிசையாக அடித்து ஆடியது. மோயூ, ச்சியி, யூஷின், ஷெங்ஷோ எல்லாமே ஷாண்டோ நகரின் செங்ஹாய் வட்டாரத்துக்காரர்கள். பொம்மைத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அச்சு வெட்டுபவர், பிளாஸ்டிக் வார்ப்பவர், பெட்டி அடிப்பவர் எல்லோரும் பக்கத்திலேயே கிடைப்பார்கள். ஒரு கம்பெனியின் புது மாடல் வந்த சில மாதங்களில் அடுத்த கம்பெனியின் பதில் வந்துவிடும்.

356

கானைத் தொடங்கிய ஜியாங் கான்யுவான் தானே கியூபர், அதாவது கியூப் தீர்ப்பவர். நிறுவனம் தொடங்கும் முன்பே தன் பெயரில் சில கியூப்களை வடிவமைத்தவர். அவருடைய நிறுவனம் வளர்ந்தது செங்ஹாயில் அல்ல, மாகாணத் தலைநகர் குவாங்சோவில். இதைப் பெரிய வியூகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விலை குறைப்புப் போட்டியின் நடு மையத்திலிருந்து தள்ளி நின்றது அந்த நிறுவனத்தின் குணத்தோடு ஒத்துப்போகிறது.

ஆரம்ப மாடல்களின் பெயரே ஒரு அளவுக் குறிப்பு. 357 என்றால் மூன்றடுக்கு, 57 மி.மீ. 356 என்றால் மூன்றடுக்கு, 56 மி.மீ. 249 என்பது இரண்டடுக்கு, 49 மி.மீ. 460 நான்கடுக்கு. பழைய ரூபிக் கியூபின் அளவு 57. ஒரு மில்லிமீட்டர் குறைத்ததை யாராவது விளம்பரம் பண்ணுவார்களா என்று வெளியாட்கள் கேட்கலாம். பண்ணலாம், தீர்ப்பவரின் மோதிரவிரலுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் தெரியும். சின்னக் கை உள்ளவர்களுக்காக 54 மி.மீ. கியூபும் வந்தது.

கானின் உண்மையான அடையாளம் 2016-இல் வந்த 356 ஏர் மாடலோடு தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சென்டர் மூடியை நகத்தால் நெம்பினால் உள்ளே ஸ்க்ரூவுக்குப் பதில் நிறம் நிறமான சின்ன பிளாஸ்டிக் நட்கள் இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்பிரிங் விறைப்பு. கெட்டியாக வேண்டுமென்றால் ஒரு நிறம், லேசாக வேண்டுமென்றால் இன்னொன்று. கான் இதற்கு ஜிஇஎஸ் என்று பெயர் வைத்தது. உள்ளே நடப்பது பழைய ஸ்பிரிங் மாற்றும் வேலையேதான். ஆனால் முன்பு ஆறு ஸ்க்ரூவையும் ஒரே அளவு திருகினோமா என்று கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்தவர், இப்போது ஆறு இடத்திலும் ஒரே நிறத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கியூப் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தொளதொளவென்றும் இருக்கும் பழைய நோய்க்கு அது நல்ல மருந்து.

ஜிஇஎஸ் வந்தபோது வேறொரு விஷயமும் நடந்தது. வியாபார ரீதியில் இதுதான் முக்கியம். அதுவரை 'இந்தக் கியூப் நல்லதா கெட்டதா' என்று கேட்டவர்கள், 'எனக்கு எந்த செட்டிங் சரி' என்று கேட்கத் தொடங்கினார்கள். முதல் கேள்விக்குச் சில நூறு ரூபாய்க் கியூபும் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வி முடிவே இல்லாதது. கான் அதன்பின் செய்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்குப் புதுப்புதுப் பாகங்கள் சப்ளை செய்ததுதான்.

காந்தம்

வீட்டு மேசையில் பிறந்தவற்றில் மிகப் பெரியது காந்தம். எட்ஜும் கார்னரும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் 24. ஒவ்வொரு இடத்திலும் இரு பக்கமும் ஒன்றாக மொத்தம் 48 சின்ன நியோடிமியம் காந்தங்கள். அடுக்கு சரியான இடத்துக்கு வரும்போது அவை 'டக்' என்று பிடித்து நிறுத்தும். அதிகமாகச் சுழன்று தாண்டிப்போவது குறையும். இதைக் கியூபர்கள் துண்டு துண்டாகப் பிரித்து, துருவம் மாறிவிடாமல் பேனாவால் குறி போட்டு, பசை வைத்து ஒட்டினார்கள். ஒரே ஒரு காந்தம் தலைகீழாக ஒட்டிவிட்டால் அந்த இடம் தள்ளும். பசை வழிந்தால் துண்டு வீண். 2016 வாக்கில் சில கடைகள் இதைக் கூலிக்குச் செய்து, கியூபின் விலையைவிடக் கூலி அதிகமாக விற்றன. வாங்கவும் ஆள் இருந்தார்கள்.

2017-இல் தொழிற்சாலைகள் விழித்துக்கொண்டன. நெதர்லாந்து வீரர் மாட்ஸ் வால்க் பெயரில் ச்சியி வெளியிட்டிருந்த கியூபுக்குக் காந்தப் பதிப்பு வந்தது. மோயூவும் கொண்டுவந்தது. கானின் பங்குக்கு 356 ஏர் யூஎம். இதில் கான் யாரையும் முந்திவிடவில்லை. முந்தியது அடுத்த வருடம்: 2018-இல் வந்த 356 எக்ஸ் மாடலில் காந்தங்கள் கழற்றி மாட்டும் சின்ன உறைகளில் இருந்தன. இழுவை எவ்வளவு வேண்டுமோ அதற்கேற்ற காந்தத்தைப் பயனரே மாற்றிக்கொள்ளலாம். டென்ஷனுக்கும், அதாவது இறுக்கத்துக்கும், எண் போட்ட அமைப்பு வந்தது. பசைக்கும் பேனாக் குறிக்கும் இனி வேலை இல்லை.

எக்ஸ் பற்றி ஒரு சின்ன முணுமுணுப்பு அப்போதே உண்டு. எத்தனை பேர் காந்தத்தை உண்மையில் மாற்றினார்கள்? பெட்டி திறந்த அன்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தொடாதவர்கள்தான் அதிகம் இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனாலும் மாற்ற முடியும் என்கிற நினைப்புக்கே ஒரு விலை இருக்கிறது. அதைக் கண்டுகொண்டதில் கான் கெட்டிதான்.

இந்தக் காலகட்டத்தில் சுவையான ஒரு திருப்பம். ரூபிக் பிராண்டு தன் பெயரில் நல்ல வேகக் கியூப் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தபோது அதைச் செய்யக் கானோடு கைகோத்தது. ஆர்எஸ்சி என்ற அந்தக் கூட்டுத் தயாரிப்பில் வெளியே ரூபிக் பெயர், உள்ளே குவாங்சோ. மூலப் பொருளின் சொந்தக்காரர்களே நகல் என்று நினைத்த பக்கம் வந்து நின்ற தருணம் அது. நீதிமன்றத் தீர்ப்புகளைவிட இந்த ஒப்பந்தம்தான் அந்தத் துறையில் யார் கை ஓங்கியது என்பதை எனக்குக் காட்டியது.

எட்டிப் பிடித்தவர்கள்

கானின் பலவீனமும் இதே வழியிலிருந்து வருகிறது. வீட்டு வேலையைப் பாகமாக மாற்றினால், அந்தப் பாகத்தைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர் இன்னும் மலிவாக மாற்றிவிடுவார்.

2020-இல் மோயூ குடும்பத்தின் மலிவு வரிசையில் ஆர்எஸ்3எம் வந்தது. வெளிநாட்டில் விலை பத்து டாலருக்குள். தொழிற்சாலையிலேயே வைத்த காந்தம், டென்ஷனும் ஸ்பிரிங் அழுத்தமும் தனித்தனியாகச் சரிசெய்யும் வசதி, நல்ல கார்னர் கட்டிங் என எல்லாம் இருந்தன. அது வந்தபின் 'முதல் நல்ல கியூப் எது வாங்கலாம்' என்ற கேள்விக்குப் பல வருடங்களாக நடந்த சண்டை ஏறக்குறைய ஓய்ந்துபோனது. அதே 2020-இல் கான் வெளியிட்டது 11 எம் ப்ரோ. காந்தங்களை எட்ஜ், கார்னரோடு நிறுத்தாமல் கோர் பக்கமும் வைத்தது. துண்டுகளை மேலும் மெலிதாக்கியது. விலை ஆர்எஸ்3எம்மைப் போலப் பல மடங்கு. பல மடங்கு நல்லதா என்றால், இல்லை. லேசு, சத்தம், விரலில் படும் உணர்வு ஆகியவற்றில் வித்தியாசம் தெரியும். பதினைந்து நொடிக்காரரின் நேரத்தில் தெரியாது.

2021-இல் நடந்தது இன்னும் சுருக்கென்றது. ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, ஒன்றையொன்று தள்ளும் இரு காந்தங்களை அந்த இடத்தில் வைக்கும் மேக்லெவ் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்ததில் மோயூ முந்திக்கொண்டது. அதுவும் உச்ச மாடலோடு நிறுத்தாமல் மலிவு வரிசைக்கும் சேர்த்தே கொடுத்தது. ஸ்பிரிங் சுழலும்போது உரசும், சிலசமயம் கிரீச்சிடும். காந்தத்துக்கு உரசல் இல்லை. கானின் 12 மேக்லெவ் அதே ஆண்டு வந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் வழக்கமாகக் கான் முதலில் செய்ய, மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்ற வரிசை அங்கே குலைந்தது.

அதற்குக் கானின் பதில் மாடலைப் பல படிகளாகப் பிரிப்பது. 11-லேயே சாதா, டுவோ, ப்ரோ என்று மூன்று. 12, 13 காலத்தில் யூவி பூச்சு, ஃப்ராஸ்டட் என்று மேற்பரப்பிலும் பிரிவுகள். கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒரு எண் கூடியது. மான்ஸ்டர் கோ என்ற பெயரில் மலிவு வரிசை ஒன்றையும் தொடங்கியது. கான் என்ற பெயர் அதனால் மலிவாகிவிடக் கூடாது என்ற கவனம் அதில் தெரிகிறது. இந்தப் படிப்பிரிப்பு கைபேசிக் கம்பெனிகளிடம் கற்றது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யூவி பூச்சு பளபளக்கும், கைக்குப் பிடிப்பும் கொடுக்கும். அதற்காக இன்னொரு பெட்டியா?

இந்தியாவில் வாங்குபவருக்கு இதில் கூடுதல் சுமை. 'எல்லா வகைப் புதிர்களும்' சுங்க அட்டவணையில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மை இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்கவரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. 2021 ஜனவரி முதல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் கட்டாயம். விலை அதிகமான பொருளில் வரியின் தொகையும் அதிகம் என்பதால், செங்ஹாய்க் கியூபுக்கும் குவாங்சோக் கியூபுக்கும் நடுவே இருந்த பள்ளம் இங்கே வந்து சேரும்போது இன்னும் அகலமாகிறது. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ போட்டிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஆர்எஸ்3எம் வகையறா அதிகம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கியூபா, கையா?

கியூப் விற்கும் எல்லா நிறுவனங்களும் உலக சாதனைகளை விளம்பரத்தில் போடுகின்றன. அதை எவ்வளவு நம்பலாம்?

ஒற்றைத் தீர்வு சாதனையைப் பாருங்கள். 2008-இல் எரிக் அக்கர்ஸ்டைக் 7.08 நொடி. 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஃபெலிக்ஸ் ஜெம்டெக்ஸ் 5.66. 2016 நவம்பரில் மாட்ஸ் வால்க் 4.74. 2018 நவம்பர் 24-இல் சீனாவின் வூஹூ நகரில் டூ யூஷெங் 3.47. அந்த 3.47-க்கு முறையான வீடியோகூட இல்லை, கண்காணிப்புக் கேமராப் பதிவுதான் உண்டு. டூ அன்று செய்தது 27 திருப்பங்கள். கணக்குப் போட்டால் நொடிக்கு 7.8 திருப்பம் வருகிறது. முன்னணி வீரர்களுக்கு அது அசாதாரண வேகமே இல்லை. கலைத்த விதமும் அவர் கண்ட வழியும் சேர்ந்து தீர்வைப் பாதியாகச் சுருக்கியதுதான் சாதனை. அது 2023 ஜூனில் மேக்ஸ் பார்க் கலிஃபோர்னியாவில் 3.13 எடுக்கும்வரை நின்றது. 2025 ஏப்ரலில் ஷென்யாங்கில் கெங் ஷுவான்யி 3.05-க்குக் கொண்டுவந்தார். 2018-க்கும் 2023-க்கும் நடுவே கியூப்களில் எத்தனையோ மாற்றம். அந்த ஒரு எண் மட்டும் அசையவே இல்லை.

கருவியின் பங்கைத் தேட வேண்டிய இடம் ஐந்து தீர்வுச் சராசரி. சிறந்ததையும் மோசமானதையும் நீக்கி, நடு மூன்றின் சராசரியை எடுப்பார்கள். அங்கே ஒரு பாப், ஒரு லாக், ஒரு கார்னர் முறுக்கிக்கொள்வது எல்லாம் உடனே தெரிந்துவிடும். 2011-இல் ஏழு நொடிகளில் இருந்த அந்தச் சாதனை 2023 ஜூனில் வாங் யிஹெங் என்ற ஒன்பது வயதுச் சிறுவனால் 4.48 ஆனது. இதில் பயிற்சி முறைக்கும், மனப்பாடம் செய்த திருப்ப வரிசைகளான அல்காரிதங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் உப்புத்தாள் காலத்துக் கியூப் ஒன்றைக் கொடுத்து அந்தச் சிறுவனிடம் அதே சராசரியைக் கேட்டால் வராது என்பதையும் யாரும் மறுக்கமாட்டார்கள். என் கணக்கில், லாக் ஆகாத கியூப் என்ற கட்டம் வரை கருவி நேரத்தைக் குறைத்தது. காந்தம் இன்னும் கொஞ்சம் குறைத்தது. அதற்குப்பின் வந்தவற்றில் பெரும்பாலானவை வசதி. கானின் மேல்தட்டு மாடல்கள் விற்பது அந்த வசதியை.

ஸ்மார்ட் கியூப்

வீட்டு மேசையில் யாரும் முன்பு செய்யாததைக் கான் செய்தது இங்கேதான். 2019-இல் வந்த 356 ஐ மாடலின் கோரில் ப்ளூடூத்தும் அசைவை உணரும் சென்சாரும் இருந்தன. எந்த அடுக்கு எப்போது திரும்பியது என்பது கைபேசிக்குப் போய்விடும். ஜீக்கர், இஸ்ரேலின் கோகியூப் என்ற ஸ்மார்ட் கியூப்களும் அந்தக் காலத்திலேயே வந்தன. ஆனால் அவை கியூபாகச் சுமார்; வேகமாகத் தீர்ப்பவர் எடுத்தால் கை நொந்துபோகும். வேகக் கியூபின் உடம்புக்குள் மின்னணுவை வைத்ததுதான் கானின் சாமர்த்தியம். தானாகவே கலைத்துக் கொடுக்கும் கான் ரோபாட்டும் 2020-இல் சேர்ந்தது.

கஷ்டம் என்னவென்றால், டபிள்யூசிஏ போட்டியில் மின்னணு உள்ள கியூபுக்கு அனுமதி இல்லை. காரணம் தெளிவு: அடுத்து எதைத் திருப்ப வேண்டும் என்று கருவி வீரருக்குச் சொல்லிவிடக்கூடிய வாய்ப்பைத் திறந்து வைக்க முடியாது. ஆக, கானின் மிகச் சொந்தமான கண்டுபிடிப்பு, கானின் பெயரை வளர்த்த மேடைக்குள் நுழைய முடியாதது. வீட்டில் ஸ்மார்ட் கியூபில் பழகி, போட்டிக்கு வேறொரு கியூபை எடுத்துப்போக வேண்டும்; இரண்டின் எடையும் உணர்வும் ஒன்றாக இருக்காது. பழக்கம் மாறினால் நேரம் கெடும் என்று பயப்படுபவர்களிடம் இதை விற்பது லேசில்லை.

கொரோனா இதற்கு எதிர்பாராத உதவி. 2020 மார்ச்சிலிருந்து உலகெங்கும் போட்டிகள் நின்றன. வீட்டிலிருந்தே எதிராளியோடு நேரடியாக மோத ஸ்மார்ட் கியூப் சரியான கருவியாக இருந்தது. அதைவிட நிலைத்த பயன் பயிற்சியில். ஒரு தீர்வை முடித்ததும் எந்தப் படியில் எத்தனை நொடி யோசித்து நின்றோம், எங்கே வெறுமனே சுற்றினோம் என்பதை எண்ணாகப் பார்க்கலாம். முன்பு இதற்கு வீடியோ எடுத்து, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி எண்ண வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தால் இதுவும் ஒரு பழைய வீட்டு வேலைதான்.

கான் அந்தத் தரவைத் தன் செயலிக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்த்தது. கியூப் அனுப்பும் ப்ளூடூத் செய்தி மறையாக்கம் செய்யப்பட்டது. நிறுவனத்தின் செயலியில் மட்டும் படிக்கலாம். கியூபர்கள் விடுவார்களா? அதைப் பிரித்துப் பார்த்து, சாவியைக் கண்டுபிடித்து, எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும், நேரம் அளக்கும் இணையதளமான சிஎஸ்டைமரில் கான் கியூபை இணைத்துவிட்டார்கள். புது மாடலில் கான் முறையை மாற்றினால், அதற்கான வழியும் பின்னாலேயே வந்துவிடும். இன்று ஸ்மார்ட் கியூபை வாங்குபவர்களில் பலர் முதல் முறை கானின் செயலியைத் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் நேராக சிஎஸ்டைமருக்குப் போய்விடுகிறார்கள். கான் கியூபுக்குப் பணம் வாங்கிவிட்டது. மாதச் சந்தாவாகவோ தரவாகவோ அதற்கு மேல் எடுக்க நினைத்திருந்தால், அந்த வழி இப்போதைக்கு வீரர்கள் கையில் இருக்கிறது.